இன்ஜினின் கேன் பஸ்ஸைத் தொலைவிலிருந்து பார்ப்பது: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆயில் மில், தோட்டப் பட்டறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை ஒரே பொருளைச் சுற்றி வந்திருக்கின்றன. டீசல் இன்ஜின்களில் உள்ள மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் கம்பி இணைப்பான கேன் பஸ்ஸை நெட்வொர்க் வழியாக வேறு ஊரிலிருந்து பார்ப்பது எப்படி என்பதுதான் அது. ஒன்றின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே தருகிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி மாறாமல் தட்டுங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனை ஆயில் மில்லில் பாய்லர் நீராவி ஏறி டர்பைன் சுற்றும் வரைக்கும் டீசல் ஜென்செட்தான் கரண்ட் கொடுக்கிறது. அதன் சூடு, ஆயில் பிரஷர், சுற்று எல்லாம் இரண்டு கம்பியில் கேன் பஸ்ஸாக ஓடுகிறது என்று சப்ளையர் சொன்னார். ஈப்போவில் இருக்கும் இன்ஜினியர் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்கிறார். அந்த இரண்டு கம்பியை லேன் கேபிளில் சேர்த்து ரவுட்டரில் செருகிவிட்டால் போதுமா?

பதில்: செருகாதீர்கள். ரவுட்டரின் லேன் துளைக்குப் பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுருள் இருக்கிறது. கேனின் எச் (ஹை), எல் (லோ) கம்பிகள் அதன் இரு முனையில் விழுந்தால் ஏறக்குறைய ஷார்ட் ஆன மாதிரிதான். பஸ் அந்த நொடியே ஊமையாகும். கன்ட்ரோலருக்கு இன்ஜினின் செய்தி நின்றுபோனால் ஓடும் செட் அணைந்துவிடவும் கூடும்.

இரண்டும் கம்பி என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. பாஷ் நிறுவனம் 1983ல் கேனை உருவாக்கத் தொடங்கி 1986ல் டெட்ராய்ட்டில் அறிமுகம் செய்தது. ஒரு வண்டிக்குள் இருக்கும் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. யார் யாருக்கு அனுப்புகிறார் என்ற முகவரி கேனின் அடிப்படையில் கிடையாது. செய்திக்கு ஓர் எண் உண்டு, அந்த எண்ணே முன்னுரிமையும்கூட. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் சிறிய எண் உள்ளது தொடரும், மற்றது தானே வாயை மூடிக்கொள்ளும். ஒரு செய்தியில் 8 பைட் தகவல்தான் போகும். ஐபி நெட்வொர்க்கில் ஓடுவது வேறு மொழி. ஆகவே நடுவில் இரண்டும் தெரிந்த ஒரு பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டிக்குத் தேவையானவை இவை: லினக்ஸ் ஓடும் சிறு கணினி (ராஸ்பெரி பை போதும், இனி பை என்று சொல்வது இதைத்தான்), அதன்மேல் செருகும், ஐசொலேஷன் (இரு பக்க மின்சுற்றும் நேராகச் சேராத தடுப்பு) உள்ள கேன் போர்டு, 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்று 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் கன்வெர்ட்டர், பேட்டரி பக்கத்தில் 2 ஆம்பியர் ஃபியூஸ், 4ஜி மோடம், 120 ஓம் இம்பீடன்ஸ் உள்ள முறுக்கிய ஷீல்டு கம்பி ஒரு மீட்டருக்குள். மோடம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. கடையில் மலிவாகக் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிளுக்குக் கொடுக்கும் வெள்ளி வீண்.

லினக்ஸைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்த சாக்கெட்கேன் என்ற பகுதி 2008ல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸுக்குள் இருக்கிறது. கேன் போர்டும் அதில் ஒரு நெட்வொர்க் கார்டு போலவே தெரியும். கேன்-யுடில்ஸ் என்ற இலவசக் கருவித்தொகுப்பைப் போட்டால் பார்ப்பதற்கும் பதிவதற்கும் வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: பையையும் கேன் போர்டையும் வாங்கி மாட்டிவிட்டோம். முதல் நாள் ஒரு செய்தியும் வரவில்லை. மறுநாள் வேகத்தை மாற்றிப் பார்த்தபோது ஜென்செட் பேனலில் 'இசியூ (இன்ஜினின் கணினி) தொடர்பு இல்லை' என்று அலாரம் அடித்தது. பையைக் கழற்றியதும் சரியானது. என்ன தப்பு செய்தோம்?

பதில்: தப்பான வேகத்தில், வாய் திறந்த நிலையில் பஸ்ஸில் நுழைந்திருக்கிறீர்கள். கேனில் ஒவ்வொரு பெட்டியும் மற்றவர் பேச்சைச் சரிபார்க்கிறது. வேகம் பொருந்தாத பெட்டிக்குக் கேட்பதெல்லாம் பிழையாகவே தெரியும். அது உடனே எரர் ஃபிரேம் அனுப்பி, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல செய்தியை அழித்துவிடும். பிழைக் கணக்கு 127ஐத் தாண்டிய பிறகே அடங்கும். அதற்குள் கன்ட்ரோலர் இன்ஜினைக் காணோம் என்று அலறிவிடும்.

இதனால்தான் எந்தப் புதிய இணைப்பையும் கேட்க மட்டும் செய்யும் நிலையில் தொடங்க வேண்டும். கட்டளை: ஐபி லிங்க் செட் கேன்0 அப் டைப் கேன் பிட்ரேட் 250000 லிசன்-ஒன்லி ஆன். இந்த நிலையில் வேகம் தப்பாக இருந்தாலும் போர்டு எதையும் அனுப்பாது, பஸ்ஸுக்குக் கேடில்லை. கேன்0 என்பது லினக்ஸ் அந்தப் போர்டுக்கு வைக்கும் பெயர். அடுத்து, பஸ்ஸில் வருவதைத் திரையில் காட்டும் கேண்டம்ப் கருவியைக் கேண்டம்ப் கேன்0 என்று தட்டினால் செய்திகள் ஓட வேண்டும். லாரி, டிராக்டர், ஜென்செட் இன்ஜின்களில் ஜே1939 என்ற முறைதான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு 250 கிலோபிட் வழக்கம், புதிய வண்டிகளில் 500. ஒன்பது முள் வட்டக் கனெக்டர் கறுப்பாக இருந்தால் 250, பச்சையாக இருந்தால் 500 என்று வைத்துத் தொடங்குங்கள். அதில் சி முள் எச், டி முள் எல். கம்பி நிறம் விதிப்படி இருந்தால் மஞ்சள் எச், பச்சை எல்.

வேகம் சரி, ஆனாலும் செய்தி வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை நிறுத்தி, பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிட்டு, எச்சுக்கும் எல்லுக்கும் இடையே ஓம் பாருங்கள். பஸ்ஸின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒன்றாக இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் போர்டின் மேல் இருப்பதுதான். மேசையில் வைத்துச் சோதிக்க வசதியாகப் பல போர்டுகளில் 120 ஓமைச் சேர்த்தே விற்கிறார்கள். நீங்கள் நடுவில் கிளை எடுப்பவர், கோடியில் இருப்பவர் அல்ல. ஜம்பரைக் கழற்றிவிடுங்கள். கிளைக் கம்பி ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது.

பிறகு சுவிட்சைப் போட்டு வோல்ட் பாருங்கள். சும்மா இருக்கும் பஸ்ஸில் எச், எல் இரண்டுமே கிரவுண்டுக்கு 2.5 வோல்ட் அருகே நிற்கும். செய்தி ஓடும்போது எச் 3.5 நோக்கி ஏறும், எல் 1.5 நோக்கி இறங்கும். மீட்டர் சராசரியைக் காட்டுவதால் எச் 2.5க்குச் சற்று மேலும் எல் சற்றுக் கீழும் தெரிந்தால் சரி. எச்சைவிட எல் உயர்ந்திருந்தால் கம்பியை மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள்.

இன்னொரு பொறி கிரிஸ்டல். எம்சிபி2515 சிப் உள்ள போர்டுகளில் 8, 12, 16 மெகாஹெர்ட்ஸ் என்று கிரிஸ்டல் ஆளுக்கொரு மாதிரி வருகிறது. பையின் கான்ஃபிக் கோப்பில் ஆசிலேட்டர் என்ற இடத்தில் 16000000 என்று எழுதி, போர்டில் 8 இருந்தால், நீங்கள் 250 என்று கேட்டது உண்மையில் 125ஆக ஓடும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், செய்தி மட்டும் வராது. கண்ணாடி வைத்துக் கிரிஸ்டல் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள். டிஜேஏ1050 சிப்போடு வரும் மலிவான நீலப் போர்டைப் பையில் நேராக மாட்டுவதும் வேண்டாம். அதற்கு 5 வோல்ட் வேண்டும், பையின் முள்ளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

மேசையில் சோதிக்கும்போது ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அனுப்பிப் பார்த்தால் தோல்விதான் வரும். கேனில் குறைந்தது இன்னொரு பெட்டியாவது 'கேட்டது' என்று ஒப்புதல் பிட் போட வேண்டும். கேட்க மட்டும் செய்யும் நிலையில் உள்ள போர்டு அந்த ஒப்புதலையும் தராது. சோதனைக்கு இரண்டு போர்டும் இரண்டு ரெசிஸ்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜென்செட் வீட்டிலிருந்து மில் ஆபீஸ் 600 மீட்டர். ஆபீசில்தான் இன்டர்நெட் இருக்கிறது. கேன் கம்பியையே ஆபீஸ் வரை இழுத்துவிட்டால் என்ன?

பதில்: 250 கிலோபிட்டில் ஒரு பிட்டின் ஆயுள் 4 மைக்ரோ செகண்ட். யார் தொடர்வது என்ற போட்டியும் ஒப்புதலும் அந்த ஒரு பிட் நேரத்துக்குள் கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். கம்பியில் சிக்னல் ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் எடுக்கிறது. 600 மீட்டர் போய்வர 6 மைக்ரோ செகண்ட், அதாவது பிட்டைவிட நீளம். எப்படிப்பட்ட கம்பி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. பொதுவாகச் சொல்லும் எல்லை 1 மெகாபிட்டுக்கு 40 மீட்டர், 500 கிலோபிட்டுக்கு 100, 250க்கு 250. ஜே1939 விதி இதைவிடக் கறார், 40 மீட்டரோடு நிறுத்திவிடுகிறது.

பையை ஜென்செட் வீட்டிலேயே வையுங்கள். ஆபீசுக்கு ஃபைபர் இழுங்கள், அல்லது நேர்ப்பார்வை இருந்தால் வைஃபை பிரிட்ஜ் போடுங்கள். செம்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஃபைபரில் மின்னல் தாக்கமும் கடக்காது என்பதால் நம் ஊர் மழைக்கு அதுவே மேல்.

கேள்வி: பையில் செய்தி ஓடுவது தெரிகிறது. இதை ஈப்போவுக்கு எப்படி அனுப்புவது? வெளியிலிருந்து பைக்கு வழி விட ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் போட்டோம், ஆனாலும் தொட முடியவில்லை. முதல் சோதனையில் சிம்மின் டேட்டாவும் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

பதில்: டேட்டாவிலிருந்து தொடங்குவோம். 29 பிட் எண்ணும் 8 பைட் தகவலும் உள்ள ஒரு செய்தி கம்பியில் குறைந்தது 131 பிட் இடம் பிடிக்கும். 250 கிலோபிட்டில் நொடிக்கு 1,900 செய்திக்கு மேல் போகாது. பஸ் 30 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வைத்தால் 570 செய்தி. கேண்டம்ப் எழுதும் வரியாகவே அனுப்பினால் ஒரு வரி சுமார் 50 பைட், நாளுக்கு 2.4 ஜிபி வந்துவிடும். கேனலோனி என்ற கருவி பல செய்திகளை ஒரே யுடிபி (சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) பொட்டலத்தில் கட்டி அனுப்புகிறது. செய்திக்கு 13 பைட் என்று வைத்தால் நாளுக்கு சுமார் 640 எம்பி, பொட்டலத் தலைப்புகளையும் சேர்த்தால் 700ஐத் தாண்டும். மாதத்துக்கு 20 ஜிபிக்கு மேல்.

ஈப்போ இன்ஜினியருக்கு இத்தனையும் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். இன்ஜின் சுற்றைச் சொல்லும் செய்தி நொடிக்குப் பல பத்து முறை வருகிறது. ஆபீசில் இருப்பவருக்குப் பத்து நொடிக்கு ஒரு முறை தெரிந்தால் போதும். சுற்று, சூடு, பிரஷர், பேட்டரி என்று நான்கு எண்களைப் பையிலேயே பிரித்தெடுத்து, சிறு செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் எம்கியூடிடி முறை வழியாகப் பத்து நொடிக்கு ஒரு தடவை அனுப்பினால் நாளுக்குச் சில எம்பியில் முடிந்துவிடும். சிக்னல் போனால் பையில் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பலாம். நிரந்தர அமைப்புக்கு இதுவே எங்கள் பரிந்துரை. முழு பஸ்ஸையும் அனுப்புவது கோளாறு தேடும் அரை மணி நேரத்துக்கு மட்டும்.

அந்த அரை மணி நேரத்துக்குப் பையில் ஒரு பொய்க் கேன் (கம்பி இல்லாமல் சாஃப்ட்வேரில் மட்டும் இருக்கும் கேன்) போடுங்கள்: ஐபி லிங்க் ஆட் டெவ் விகேன்0 டைப் விகேன், பின்பு அதை அப் செய்யுங்கள். கேன்ஜிடபிள்யூ கருவியால் கேன்0விலிருந்து விகேன்0வுக்கு ஒரே திசையில் விதி எழுதுங்கள். வேண்டிய எண்களுக்கு மட்டும் வடிகட்டியும் வைக்கலாம். கேனலோனியை விகேன்0வோடு கட்டுங்கள், கேன்0வோடு அல்ல. ஈப்போ கணினியிலும் ஒரு விகேன்0, ஒரு கேனலோனி. அங்கே கேண்டம்ப் விகேன்0 என்றால் இன்ஜின் பக்கத்தில் நிற்பது போலவே செய்தி ஓடும். ஈப்போவிலிருந்து யாராவது தவறி எதையாவது அனுப்பினாலும் அது பொய்க் கேனில் விழுந்து அங்கேயே நிற்கும். திரும்பும் திசைக்கு விதி எழுதாததால் இன்ஜினைத் தொடாது.

யுடிபியில் பொட்டலம் தொலையலாம். ஒன்று விடாமல் வேண்டும் என்பவர்கள், தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபியில் ஓடும் சாக்கெட்கேண்ட் கருவியைப் பயன்படுத்தலாம், அதன் வழக்கமான போர்ட் 29536. மோசமான சிக்னலில் டிசிபி விட்ட இடத்திலேயே முக்கி நின்று, பழைய செய்திகளைத் தாமதமாகக் கொட்டும். எதுவானாலும் செய்தியின் நேரம் பையில் குறித்த நேரமாக இருக்கட்டும். ஈப்போவில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து இரண்டு நிகழ்வில் எது முந்தியது என்று தீர்மானிக்கக் கூடாது. பல பை மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும் வரை தப்பான தேதியே காட்டும். பேட்டரிக் கடிகாரமான ஒரு ஆர்டிசி போர்டு மாட்டிவிடுங்கள்.

இனி போர்ட் ஃபார்வர்ட். மோடம் தனக்குக் கிடைத்ததாகக் காட்டும் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்குகிறதா பாருங்கள். அப்படியானால் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிடும் சிஜிநாட் ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். உங்கள் ரவுட்டரில் என்ன துளை போட்டாலும் வெளிக்கதவு தொலைபேசி நிறுவனத்திடம். அது வேலை செய்யாமல் போனது உங்களுக்கு நல்லதே. கேனலோனிக்கும் சாக்கெட்கேண்டுக்கும் தாமாகப் பூட்டு கிடையாது, கடவுச்சொல் கேட்பதில்லை, செய்தியை மறைப்பதும் இல்லை. அந்தத் துளை திறந்திருந்தால் இணையத்தில் போர்ட் தேடித் திரியும் எந்த நிரலும் உங்கள் பஸ்ஸுக்கு வந்திருக்கும்.

சரியான வழி வையர்கார்ட், அதாவது செய்தியை மறைத்து அனுப்பும் ஒரு விபிஎன் இணைப்பு. 2020ல் 5.6 கெர்னலோடு லினக்ஸுக்குள் வந்தது. பையும் ஈப்போ கணினியும் வெளிநோக்கிப் போய்ச் சந்திக்க, பொது ஐபி உள்ள ஒரு சிறிய வாடகை சர்வர் வேண்டும். அதில் யுடிபி 51820 ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். பையின் அமைப்பில் பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ் 25 என்று எழுத மறக்காதீர்கள். இது இல்லாவிட்டால் சும்மா இருக்கும் இணைப்பை நெட்வொர்க் சற்று நேரத்தில் மறந்துவிடும், ஈப்போவிலிருந்து கூப்பிட்டால் பை பதில் சொல்லாது. 'காலையில் வேலை செய்தது, மதியம் செத்துவிட்டது' என்று வரும் புகார்களில் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். கேனலோனி, எம்கியூடிடி எல்லாம் வையர்கார்ட் முகவரியில் மட்டும் கேட்கும்படி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: செய்தி வருகிறது, ஆனால் வெறும் எண்ணும் எழுத்துமாக இருக்கிறது. சூடு எது, பிரஷர் எது?

பதில்: திரையில் வருவதெல்லாம் பதினாறின் அடிப்படையில் (ஹெக்ஸ்) எழுதிய எண்கள். அதனால்தான் 0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வருகின்றன. ஜே1939இல் செய்தி எண்ணின் நடுப்பகுதி பொருளைச் சொல்லும், கடைசி இரண்டு எழுத்து அனுப்பியவரைச் சொல்லும். 00 என்றால் இன்ஜின்.

0சிஎஃப்00400 என்பது சுற்று. 4, 5ஆம் பைட்டை எடுத்து, ஐந்தாவதை முன்னே வைத்துப் படிக்க வேண்டும். நான்காவது இ0, ஐந்தாவது 2இ என்றால் 2இஇ0, அதாவது 12,000. அதை 0.125ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,500 சுற்று. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டிய சுற்று அதேதான். உங்கள் பிரிப்புக் கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. இரண்டு பைட்டை மாற்றிப் படித்தால் ஏழாயிரத்துக்கும் மேல் காட்டும், உடனே தெரிந்துவிடும்.

18எஃப்இஇஇ00இல் முதல் பைட் கூலன்ட் சூடு, 40 கழிக்க வேண்டும். 7டி என்றால் 125, ஆகவே 85 டிகிரி. 18எஃப்இஇஎஃப்00இல் நான்காவது பைட் ஆயில் பிரஷர், 4ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல். 64 என்றால் 100, ஆகவே 400 கிலோபாஸ்கல், 4 பார். 18எஃப்இஎஃப்700இல் 5, 6ஆம் பைட் பேட்டரி வோல்ட், 0.05ஆல் பெருக்குங்கள்.

எஃப்எஃப் என்று வந்தால் 'இந்த அளவு என்னிடம் இல்லை' என்று பொருள், எஃப்இ என்றால் சென்சார் பழுது. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் கூலன்ட் 215 டிகிரி என்று ஈப்போவில் அலாரம் அடிக்கும்.

கேள்வி: சப்ளையரின் டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேரை ஈப்போவிலிருந்தே இந்த இணைப்பு வழியாக ஓட்டலாமா? பட்டறையில் முயன்றோம், பாதியில் 'டைம் அவுட்' ஆகிவிடுகிறது.

பதில்: 8 பைட்டுக்கு மேல் உள்ள தகவலைக் கேன் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு பக்கம் 'அனுப்பட்டுமா' என்றதும் மறுபக்கம் 'அனுப்பு' என்று ஜே1939இல் 1.25 நொடிக்குள் சொல்ல வேண்டும். வண்டிகளில் கோளாறு கண்டுபிடிக்கும் யுடிஎஸ் என்ற டயக்னாஸ்டிக் முறையில் கேள்விக்கு முதல் பதில் வழக்கமாக 50 மில்லி செகண்டில் வந்தாக வேண்டும். கேனலோனி தன் பொட்டலத்தை நிரப்பவே இயல்பாக 100 மில்லி செகண்ட் வரை காத்திருக்கும். 4ஜி தாமதமும் மேலே ஏறும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் முழுச் செய்தியும் போச்சு. காத்திருப்பைக் குறைத்துப் பார்க்கலாம், மழை நேரத்தில் மறுபடியும் அறுந்துவிடும்.

துண்டுகளைச் சேர்க்கும் வேலையை இன்ஜின் பக்கத்துப் பையிடம் விடுங்கள். லினக்ஸ் கெர்னலில் ஜே1939 5.4லிருந்தும், யுடிஎஸ் துண்டுகளைச் சேர்க்கும் ஐஎஸ்ஓ-டிபி 5.10லிருந்தும் உள்ளேயே இருக்கிறது. பை அங்கேயே முழுச் செய்தியையும் கட்டி, முடிந்த விடையை மட்டும் ஈப்போவுக்கு அனுப்பட்டும். விடை இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சப்ளையரின் சாஃப்ட்வேரே வேண்டும் என்றால் அதை ஜென்செட் வீட்டு லேப்டாப்பில் ஓட்டி, அதன் திரையைத் தொலைவிலிருந்து பாருங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். இப்போது எரியும் கோளாறுகளை இன்ஜின் தானாகவே நொடிக்கு ஒரு முறை அறிவிக்கிறது, எண்ணில் எஃப்இசிஏ என்று வரும். ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறு இருந்தால் துண்டுகளாக வரும், ஆனால் எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பாக வருவதால் கேட்க மட்டும் செய்பவரும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கோளாறுப் பட்டியலும் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கும் யாராவது கேட்டால்தான் வரும். ஜென்செட் கன்ட்ரோலர் மணிக்கணக்கை அவ்வப்போது கேட்பதாக இருந்தால் அந்தப் பதிலை நீங்களும் ஒட்டுக்கேட்கலாம்.

கேள்வி: பார்ப்பது சரி. பஸ்ஸில் செய்தி அனுப்பும் கேன்சென்ட் கட்டளையால் ஈப்போவிலிருந்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் முடியுமா? இரவில் மண்டோரை எழுப்ப வேண்டியிருக்காதே.

பதில்: கேன் வழியாகச் செய்யாதீர்கள். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

கேனில் ஒரு செய்தி வந்தால் அதை யார் அனுப்பினார் என்று பெட்டிகள் சோதிப்பதில்லை. இன்ஜின் கன்ட்ரோலரின் எண்ணைப் போட்டு யார் அனுப்பினாலும் மற்ற பெட்டிகள் நம்பும். ஒரு வண்டியின் இரும்புக் கூட்டுக்குள் எல்லாரும் ஒருவரை ஒருவர் நம்பலாம் என்ற எண்ணத்தில் பிறந்த முறை அது. அதை நெட்வொர்க்கில் திறந்துவிட்டால் அந்த நம்பிக்கையை ஊர் முழுவதற்கும் கொடுத்ததாகிவிடும். 2015ல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தொலைபேசி நெட்வொர்க் வழியாகவே பிடித்தார்கள். ரேடியோ பெட்டிக்குள் நுழைந்து, கேன் பஸ்ஸோடு பேசும் சிப்பின் ஃபர்ம்வேரை மாற்றி, பிறகு பஸ்ஸுக்கே கட்டளை அனுப்பினார்கள். ஃபியட் கிரைஸ்லர் அதன்பின் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

அதிலிருந்து ஒரு பாடம் இங்கே நேராகப் பொருந்தும். கேட்க மட்டும் செய்யும் நிலை என்பது சாஃப்ட்வேர் அமைப்பு. பைக்குள் நுழைந்தவன் அதையும் மாற்றுவான். ஆகவே கம்பியிலேயே தடுங்கள். டிஜேஏ1050, டிஜேஏ1051 போன்ற, பஸ் கம்பியோடு நேராகப் பேசும் டிரான்சீவர் சிப்களில் எட்டாவது முள் எஸ். அதை உயர் மின்னழுத்தத்தில் கட்டிவிட்டால் சிப் கேட்கும், பேசாது. பையை யார் பிடித்தாலும் இன்ஜினுக்கு ஒரு பிட்கூடப் போகாது.

தொலைவிலிருந்து ஸ்டார்ட் அவசியமே என்றால் ஜென்செட் கன்ட்ரோலரில் அதற்கென்றே இருக்கும் ரிமோட் ஸ்டார்ட் காண்டாக்ட்டைப் பயன்படுத்துங்கள். அந்த வழியில் வந்தால் கன்ட்ரோலரே ஆயில், சூடு, அதிவேகப் பாதுகாப்பு எல்லாம் பார்த்துத்தான் தொடங்கும். அந்தக் காண்டாக்ட்டுக்குத் தொடராக, செட்டின் பக்கத்தில் சாவி போடும் ஒரு சுவிட்ச் வையுங்கள். ஃபேன் பெல்ட் மாற்றப் போகிறவர் சாவியைத் திருப்பித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எந்தக் கணினியையும் கேட்காமல் கம்பி வழியாகவே நிறுத்தட்டும். மண்டோரின் தூக்கம் முக்கியம்தான். இருட்டில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கை அதைவிட முக்கியம்.

கேள்வி: இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு மாலை இடியோடு மழை பெய்த பிறகு கேன் போர்டு செத்துவிட்டது. புதிது மாட்டினோம், அடுத்த வாரம் பையே பூட் ஆகவில்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போர்டு செத்ததற்கு, பையின் கிரவுண்டும் ஜென்செட்டின் கிரவுண்டும் இடி நேரத்தில் வெவ்வேறு வோல்ட்டுக்கு ஏறியது காரணமாக இருக்கலாம். பை ஆபீஸ் லேன் கேபிளிலும் இன்ஜின் கம்பியிலும் ஒரே நேரத்தில் மாட்டியிருந்தால் அந்த வித்தியாசம் முழுதும் போர்டு வழியாகத்தான் பாயும். ஐஎஸ்ஓ1050 போன்ற ஐசொலேட்டட் டிரான்சீவர் உள்ள போர்டை வாங்குங்கள். எச், எல் கம்பிகளில் கேனுக்கென்றே செய்த, திடீர் அதிக வோல்ட்டைத் தடுக்கும் டிவிஎஸ் டயோடு, உதாரணமாக என்யுபி2105எல், மாட்டுங்கள். கன்வெர்ட்டரும் ஐசொலேட்டட் ஆக இருந்தால்தான் இதற்குப் பலன். கேன் பக்கம் பிரித்துவிட்டுப் பவர் பக்கம் கிரவுண்டைச் சேர்த்துவைத்தால் பிரித்ததே வீண். கேபிள் ஷீல்டை ஒரே முனையில் மட்டும் கிரவுண்டில் கட்டுங்கள்.

பை பூட் ஆகாததற்கு எஸ்டி கார்டைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது 24 வோல்ட் பேட்டரி சட்டென்று இறங்கும். கன்வெர்ட்டர் தாங்காவிட்டால் பை அந்த நொடியில் அணைந்து, எழுதிக்கொண்டிருந்த கார்டு கெடும். நாள் முழுதும் கேண்டம்ப் பதிவைக் கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். பதிவைக் கணினி நினைவகத்திலேயே இருக்கும் ராம் டிஸ்கில் வைத்து, கோளாறு வந்த நேரத்துக்கு முன்பின் ஐந்து நிமிடத்தை மட்டும் கார்டில் சேமியுங்கள். கார்டின் கோப்பு அமைப்பைப் படிக்க மட்டும் என்ற நிலையில் பூட் செய்யுங்கள். பெட்டியை இன்ஜின் மேல் மாட்டாதீர்கள், அதிர்வும் சூடும் இரண்டே மாதத்தில் கனெக்டரைத் தளர்த்திவிடும். சுவரில், ஆள் உயரத்தில், கேபிள் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, செட் ஓடும்போது பையின் சிப் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரியைத் தொட்டால் பை தானே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அதற்குள் ஒரு ஹீட் சிங்க் ஒட்டிவிடுங்கள்.